சம்பளத்தை நீங்கள் கொடுங்கள், டிப்ஸை நாங்கள் கொடுக்கிறோம்

மலை ஊர்களில் உணவகம் நடத்தும் முதலாளிகளுக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும் வணக்கம்.

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல், ஏற்காடு என்று கோடை விடுமுறையில் உங்கள் மேசைகளை நிறைக்கும் கூட்டத்தில் எங்கள் குடும்பமும் ஒன்று. ஈரோட்டிலிருந்து வேன் பிடித்து வருகிறவர்கள் நாங்கள். மாமனார், மாமியார், நாத்தனார் குடும்பம், எங்கள் பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள். உள்ளே நுழைந்ததும் மேசைகளைச் சேர்த்துப் போடச் சொல்வோம். ஒருவருக்குப் பூரி, ஒருவருக்கு நெய் ரோஸ்ட், சர்க்கரைக்காரருக்கு எண்ணெய் இல்லாத சப்பாத்தி, பெரியவருக்கு இட்லி, அதற்குக் காரமில்லாத சாம்பார். ஆர்டர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேர் மனம் மாறியிருப்பார்கள். எங்களைப் பார்த்ததுமே உங்கள் சப்ளையருக்குத் தெரிந்துவிடும், இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இந்தப் பக்கத்தை விட்டு நகர முடியாது என்று.

இப்படிப்பட்ட கூட்டத்துக்கு முகம் சுளிக்காமல் பரிமாறுகிறவருக்கு டிப்ஸ் கொடுக்க எங்களுக்குத் தயக்கம் இல்லை. அறை வாடகை, வேன், டிரைவர் பேட்டா, போட்டிங் என்று என் கணவர் பயணக் கணக்கு எழுதும்போதே சாப்பாட்டுக்குக் கீழே டிப்ஸுக்கும் ஒரு தொகை எழுதிவிடுவார். அந்தக் காசு யார் கைக்குப் போகிறது, அது வருகிறது என்பதைக் காட்டி யாருடைய சம்பளம் குறைக்கப்படுகிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பில்லில் ஏறாத வேலை எவ்வளவு நடக்கிறது என்பது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. வெந்நீரையே எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. நல்ல விஷயம், தொடரட்டும். அதோடு குளிரும் சேர்ந்துகொள்ள, வருகிற குடும்பமெல்லாம் உட்கார்ந்ததும் கேட்பது வெந்நீர்தான். "தம்பி, வெந்நீர் கொண்டாப்பா" என்று ஆளாளுக்குச் சொல்வோம். ஜக்கில் ஆவி பறக்கக் கொண்டு வந்து வைப்பார். அது தீர்ந்ததும் இன்னொரு ஜக்கு. பிறகு பிளாஸ்க் நிரப்ப ஒன்று. பால் பாட்டிலை அலச ஒரு டம்ளர் கொதிக்கிற தண்ணீர். குழந்தைக்குக் கஞ்சி கரைக்கச் சின்னக் கிண்ணமும் ஸ்பூனும். மாத்திரை போடுகிற பெரியவருக்கு மட்டும் ஆறின தண்ணீர். இத்தனைக்கும் பில்லில் ஒரு ரூபாய் கிடையாது, இருக்கவும் கூடாது. ஆனால் சமையற்கட்டுக்கும் மேசைக்கும் நடுவே நடக்கிற கால்கள் ஒருவருடையவைதானே.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவு ஏறிவந்த பிள்ளைகளின் வயிறு என்ன நிலையில் இருக்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும், உங்கள் ஊழியர்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். ஒருமுறை என் நாத்தனார் மகன் சாப்பிட்ட பொங்கலை மேசை மேலேயே வாந்தி எடுத்துவிட்டான். நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறோம். மேசை துடைக்கிற பையன் வாளியும் துணியுமாக வந்தான். இருபது வயது இருக்கும், அசாம் பக்கத்துப் பிள்ளை. "பரவால்லக்கா, டெய்லி நடக்கிறதுதான்" என்றான் அழகான தமிழில். பக்கத்து மேசையில் சாப்பிடுகிறவர்களுக்குப் பினாயில் வாசம் போகக் கூடாதென்று, பிழிந்து போட்ட எலுமிச்சை மூடிகளை வெந்நீரில் போட்டு, அந்தத் தண்ணீரில் துடைத்தான். யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அவனே கண்டுபிடித்த வழியாகத்தான் இருக்கும்.

பில் வந்தது. சோம்பும் கல்கண்டும் வைத்த அந்தக் கறுப்பு அட்டைக்குள் நாங்கள் வைத்த பணத்தை எடுத்துக்கொண்டு போனவர் சப்ளையர். துடைத்த பையனைத் தேடிப் போய்த் தனியாகக் கொடுத்தோம். அவன் முதலில் வாங்கவில்லை, சூப்பர்வைசர் இருக்கிற திசையைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையின் காரணத்தை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். கையில் வாங்கினால் திட்டு விழும் என்ற பயமா? வாங்கினாலும் மாலையில் மொத்தமாக ஒப்படைக்க வேண்டும் என்ற விதியா?

முன்பெல்லாம் இந்தக் குழப்பம் கொஞ்சம் குறைவு. பில்லுக்கு நோட்டு வைப்போம், மீதி சில்லறையாக வரும், அதில் இருபதோ ஐம்பதோ விட்டுவிட்டு எழுந்திருப்போம். மீதியைக் கொண்டுவரும்போதே நூறு ரூபாயைப் பத்துப் பத்தாக மாற்றிக்கொண்டு வரும் கெட்டிக்காரச் சப்ளையர்கள் உண்டு. அது எங்களுக்கும் புரியும், சிரித்துக்கொண்டே வைப்போம். இப்போது கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்கிறோம். 2,520 ரூபாய் என்றால் 2,520 ரூபாய், பைசா பிசகாமல் உங்கள் கணக்குக்கு வந்து சேர்கிறது. மீதியும் இல்லை, சில்லறையும் இல்லை. பர்ஸைத் திறந்தால் ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றும் ஆதார் அட்டையும் இருக்கும். கணவர் என்னைப் பார்ப்பார், நான் மாமியாரைப் பார்ப்பேன். சுருக்குப் பையில் பத்து ரூபாய் நோட்டு வைத்திருக்கும் ஒரே ஆள் எங்கள் அத்தைதான். அவர் இல்லாமல் வருகிற குடும்பங்கள் என்ன செய்யும்? "சேர்த்துப் போட்டுவிடுகிறோம், அவருக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று கல்லாவில் சொல்லிவிட்டு நூறு ரூபாய் கூட்டி அனுப்பும். அந்த நூறு உங்கள் வங்கிக் கணக்கில் உங்கள் வியாபாரத்தோடு கலந்துவிடுகிறது. அன்றிரவு கணக்கு முடிக்கும்போது அதைப் பிரித்தெடுத்துக் கொடுக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. கொடுத்தாரா என்று அறிந்துகொள்ள அந்தச் சப்ளையருக்கும் வழியில்லை, எங்களுக்கும் வழியில்லை.

போன கோடையில் ஒரு மலை ஊரில் நல்ல வசதியான உணவகம் ஒன்றில் சாப்பிட்டோம். பெயர் வேண்டாம். பில்லில் சாப்பாட்டுக்கு 2,400. அதன்கீழே 'ஸ்டாஃப் கான்ட்ரிபியூஷன்' என்று 10 சதவீதம், 240. அப்புறம் இரண்டையும் கூட்டி அதன் மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி, 132. ஆக 2,772. அதாவது ஊழியருக்கு நாங்கள் மனமுவந்து கொடுப்பதாகச் சொல்லப்படும் 240 ரூபாய்க்கும் 12 ரூபாய் வரி. இது எங்கள் விருப்பமா கட்டாயமா என்று கேட்டேன். "வேண்டாம்னா எடுத்துடுறோம் மேடம்" என்றார் கல்லாவில் இருந்தவர், பக்கத்தில் நின்றிருந்த சப்ளையருக்குக் கேட்கும்படி கொஞ்சம் உரக்க. அந்த இடத்தில் எடுக்கச் சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்தப் பையனின் முகத்துக்கு எதிரே நின்றுகொண்டு அவனுடைய காசை வெட்டுகிறவள் போல ஆக்கிவிட்டார் என்னை. கை கழுவப் போனபோது அந்தச் சப்ளையரிடமே மெதுவாகக் கேட்டேன். "அது ஆபீஸ் கணக்குக்குப் போகும்க்கா. மாசக் கடைசியில ஏதாச்சும் தருவாங்க, எவ்வளவுன்னு கேக்க முடியாது" என்றார்.

அந்த உணவகத்துக்கு நான் சொல்லாமல் வந்ததை இங்கே எல்லாருக்குமாகச் சொல்கிறேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தெளிவாக இருக்கின்றன. சேவைக் கட்டணத்தை நீங்களாகவே பில்லில் ஏற்றக் கூடாது, வேறு பெயர் சூட்டியும் ஏற்றக் கூடாது. கொடுப்பது வாடிக்கையாளர் விருப்பம் என்பதைச் சொல்ல வேண்டும். அதைச் சாப்பாட்டு விலையோடு கூட்டி மொத்தத்துக்கு ஜிஎஸ்டி போடக் கூடாது. இதை எதிர்த்து உணவக அமைப்புகள் வழக்குப் போட்டன. வழக்கு நடந்த காலத்தில் இடைக்கால ஏற்பாடாக 'ஸ்டாஃப் கான்ட்ரிபியூஷன்' என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல்கள் செல்லும் என்று தீர்ப்பளித்து, வழக்குப் போட்ட இரண்டு அமைப்புகளுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. தீர்ப்புக்குப் பிறகும் பழைய பெயரிலேயே மென்பொருளை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அதை மாற்றிவிடுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இப்போது பிள்ளைகளுக்குக்கூடத் தெரிகிறது. என் மகளே அன்று ஃபோனைக் கையில் எடுத்துவிட்டாள். நான்தான் 'சாப்பிட்ட இடம், வேண்டாம்' என்று அடக்கினேன்.

சேவைக் கட்டணம் பெரிய உணவகங்களின் சங்கதி. பெரும்பாலான மலை ஊர் ஓட்டல்களில் அது கிடையாது, அங்கே பிரச்சினை வேறு மாதிரி. 'சப்ளையர் தேவை. தங்குமிடம், உணவு இலவசம். சம்பளம் + டிப்ஸ்' என்று விளம்பரம் போடுகிறீர்கள். அந்தக் கூட்டல் குறிக்கு வலப்பக்கம் இருப்பது யாருடைய பணம்? எங்களுடையது. எங்கள் பர்ஸில் இருக்கும் பணத்தை எங்களைக் கேட்காமலே உங்கள் சம்பளப் பேரத்தில் வைத்துவிட்டீர்கள். "டிப்ஸே பத்தாயிரம் வருமே தம்பி, சம்பளத்தை ஏன் பெருசாப் பாக்கறே" என்று ஆளெடுக்கும்போது சொல்லப்படுவதை நாத்தனார் கணவர் தன் காதாலேயே கேட்டிருக்கிறார். அவரும் ஓட்டல் சாமான் வியாபாரம்தான், உங்களில் பலருக்குப் பாத்திரம் போடுகிறவர்.

அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கும் என் தம்பி ஊருக்கு வரும்போதெல்லாம் அங்கத்து டிப்ஸ் பற்றிப் புலம்புவான். குடும்பத்தோடு எங்காவது போய்ச் சாப்பிட்டால் பில்லின் அடியில் 18, 20, 22 சதவீதம் என்று கட்டம் போட்டு வைத்திருப்பார்களாம், கொடுக்காமல் வந்தால் ஜென்மப் பாவம் போலப் பார்ப்பார்களாம். அங்கே அதற்குச் சட்டத்திலேயே வேர் இருக்கிறது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து கொடுத்தாக வேண்டிய கூலி, கூட்டாட்சிச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான். 1991 முதல் அதே தொகை. மீதியை வாடிக்கையாளர் தலையில் கட்டி, அப்படியும் 7.25 டாலர் என்ற குறைந்தபட்சக் கூலி எட்டவில்லை என்றால் மட்டும் முதலாளி ஈடுகட்ட வேண்டும். சில மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாக வைத்திருக்கின்றன, கலிபோர்னியா போன்றவை டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்கும் இந்தக் கழிவையே அனுமதிப்பதில்லை. நம் நாட்டுச் சட்டம் முதலிலிருந்தே அந்த வழியில் போகவில்லை. ஓட்டல் தொழிலுக்கு அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்ச ஊதியத்தில் டிப்ஸைக் கழித்துக்கொள்ள இடம் கிடையாது. சட்டத்தில் இல்லாத கழிவை விளம்பரத்தில் ஒரு கூட்டல் குறி போட்டு உண்டாக்கிக்கொள்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

நீதிமன்றங்களும் இதில் ஒரே பக்கமாகத்தான் பேசியிருக்கின்றன. ஜெய்ப்பூர் ஓட்டல் ஒன்றின் தொழிலாளர்கள் வழக்கில் 1976 இலேயே உச்ச நீதிமன்றம் டிப்ஸைச் சம்பளமாகக் கொள்ள முடியாது என்றது. 2016 இல் வருமான வரி வழக்கு ஒன்றிலும் அதே கருத்து வந்தது. கார்டில் வாடிக்கையாளர் கொடுத்த டிப்ஸை ஓட்டல் வாங்கி ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாலும் அது முதலாளி தரும் சம்பளம் ஆகாது. முதலாளி நம்பிக்கைக்குரிய கையாக இருந்து வாங்கிக் கொடுக்கிறார், அவ்வளவே. இதை உங்கள் ஆடிட்டர் உங்களுக்குச் சாதகமாகச் சொல்லியிருப்பார்: டிப்ஸுக்கு டிடிஎஸ் என்று வருமான வரி பிடிக்க வேண்டியதில்லை, பிஎஃப் என்ற வைப்பு நிதி கட்ட வேண்டியதில்லை என்று. சரிதான். ஆனால் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள்.

ஒரு பேச்சுக்கு, ஒருவருக்கு மாதம் 15,000 ரூபாய் கிடைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 10,000 கொடுத்து மீதி 5,000 டிப்ஸில் வந்துவிடும் என்கிறீர்கள். அந்த 5,000 சம்பளமாக இருந்திருந்தால் உங்கள் பங்கு பிஎஃப் 12 சதவீதம், மாதம் 600 ரூபாய் அவர் கணக்கில் ஏறியிருக்கும். ஆண்டுக்கு 7,200. பத்து ஆண்டு வேலை செய்துவிட்டுப் போகிறார் என்றால் பணிக்கொடையில் மட்டும் சுமார் 28,800 ரூபாய் குறைகிறது. போனஸ், விடுப்புச் சம்பளம் எல்லாம் அதே கணக்கில் தேய்கின்றன. காய்ச்சலில் படுத்தால் தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐ தரும் நோய்க்காலப் பணமும் குறைந்த சம்பளத்தை வைத்துத்தான். எங்கள் குடும்பம் மேசையில் வைத்துவிட்டு வருகிற ஐம்பது ரூபாய் இந்த எதற்கும் உதவாது. அன்றைய செலவுக்கு உதவும், அவ்வளவுதான். உங்களிடம் பத்துப் பேர் வேலை செய்தால் ஈஎஸ்ஐ, இருபது பேர் இருந்தால் பிஎஃப் என்பது நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இல்லை. வெளிமாநிலப் பிள்ளைகளின் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறதா என்பதும் உங்களுக்குத்தான் தெரியும்.

இதில் மலை ஊருக்கென்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. நாங்கள் வருவது ஏப்ரல், மே. பள்ளிக்கூடம் திறந்ததும் கூட்டம் கலைகிறது. ஜூன், ஜூலையில் மழை பிடித்துக்கொள்கிறது. அந்த நாட்களில் உங்கள் சப்ளையர் ஈரக் கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நிற்பார். சம்பளத்தில் பாதியை டிப்ஸ் என்று பேசியிருந்தால், அந்த மாதங்களில் அவர் பாதிச் சம்பளக்காரர். சீசனில் சம்பாதித்ததை மழைக்காலத்தில் தின்று தீர்க்க வேண்டும். வியாபாரம் மந்தமானால் முதலாளிக்கு நஷ்டம் வருவது இயல்பு. அந்த நஷ்டத்தில் ஒரு பங்கை மேசை துடைப்பவருக்கு மாற்றிவிடுவதற்கு டிப்ஸை ஒரு வழியாக வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

டிரைவர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வேனை உங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தும் டிரைவருக்குச் சாப்பாடு இலவசம். சில இடங்களில் கையிலும் கொஞ்சம் வைத்து அழுத்துகிறீர்கள். டிரைவருக்கு நல்ல சாப்பாடு கிடைப்பதில் எனக்குச் சந்தோஷம்தான், மலைப்பாதையில் எங்கள் உயிர் அவர் கையில் இருக்கிறது. ஆனால் எங்களை உள்ளே கொண்டுவந்தவருக்கு உங்கள் பணத்தில் கமிஷன், எங்களுக்கு ஒரு மணி நேரம் ஓடி ஓடிப் பரிமாறியவருக்கு மட்டும் எங்கள் பணத்தில் டிப்ஸ் என்பது கணக்காக எனக்குப் படவில்லை. அவருக்கும் சீசன் ஊக்கத்தொகை என்று உங்கள் பணத்தில் ஒன்று இருக்கலாமே. பத்துப் பேருக்கு மேல் உள்ள குடும்ப மேசையைப் பார்த்துக்கொண்டவருக்கு, அந்தப் பில்லில் இத்தனை சதவீதம் என்று.

உங்கள் தரப்பு தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சமையல் காஸ் விலை, மலைக்கு ஏற்றிவரும் காய்கறி, மளிகைக்கு ஆகும் லாரி வாடகை, சீசனுக்கு என்று ஏற்றிச் சொல்லப்படும் கட்டட வாடகை எல்லாம் இருக்கிறது. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வர முன்கூட்டியே பதிந்து வாங்கும் இ-பாஸ் வந்தது. மறு ஆண்டு ஏப்ரலிலிருந்து சீசனில் நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள்தான் என்று கட்டுப்பாடும் வந்தது: ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. அதை எதிர்த்து நீங்கள் கடையடைப்பு நடத்தியது எங்களுக்கும் தெரியும், அன்று பிஸ்கட்டும் வாழைப்பழமும் தின்ற குடும்பங்கள் உண்டு. மலையின் நிலைமையைப் பார்த்தால் கட்டுப்பாடு சரி என்பது என் எண்ணம். வருகிற மேசை குறைந்தால் உங்களுக்குக் கை கடிக்கும் என்பதும் உண்மை.

அப்படியென்றால் விலையை ஏற்றுங்கள். தொண்ணூறு ரூபாய் தோசையைத் தொண்ணூற்றைந்து ஆக்குங்கள். மெனு அட்டையிலேயே அச்சடித்துவிடுங்கள், பார்த்துவிட்டு உட்காருகிறவர் உட்காரட்டும். முணுமுணுப்போம், பிறகு சாப்பிடுவோம். மலை உச்சியில் மாகிக்கு என்ன விலை சொன்னாலும் கொடுக்கிறவர்கள்தானே நாங்கள். அந்த ஐந்து ரூபாய் சம்பளமாகப் போகிறது என்றால் முணுமுணுப்பும் கொஞ்சம் குறையும். அதற்கு மேல் நாங்கள் வைப்பது எங்கள் மனசு.

வேறு மாதிரியும் ஓட்டல் நடத்தலாம் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. கேரளா போகும் குடும்பங்கள் தலைப்பாகை கட்டிய ஊழியர்கள் பரிமாறும் இந்தியன் காபி ஹவுஸில் ஒருவேளையாவது பீட்ரூட் போட்ட மசால் தோசை சாப்பிடாமல் திரும்புவதில்லை. 1950களில் காபி போர்டு தன் கடைகளை மூடி ஆட்களை வெளியே அனுப்பியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் ஊக்கத்தில் அந்தத் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து நடத்தத் தொடங்கிய கடைகள் அவை. காபி கொண்டுவந்து வைப்பவரே சங்கத்தின் உறுப்பினர். அங்கே நாங்கள் சில்லறை விட்டு வருவது உண்டு, விடாமல் வருவதும் உண்டு. இரண்டுக்கும் ஒரே முகம்தான். உங்கள் கடையைக் கூட்டுறவாக்குங்கள் என்று சொல்ல வரவில்லை, பயப்படாதீர்கள்.

கேட்பது சின்ன விஷயங்கள்தான். கல்லாவுக்குப் பக்கத்தில், ஊழியர் பெயரிலோ ஊழியர்கள் சேர்ந்து திறந்த கணக்கிலோ டிப்ஸுக்கென்று தனி கியூஆர் அட்டை ஒன்று ஒட்டுங்கள். உங்கள் வியாபாரக் கணக்கோடு அது கலக்கவே வேண்டாம். கைக்காசாகக் கொடுப்பவர்களுக்குப் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று, சாவி ஊழியர்களிடம். அதன் மேலேயே எப்படிப் பிரிக்கிறார்கள் என்று தமிழில் இரண்டு வரி எழுதி ஒட்டலாம்: பரிமாறியவருக்கு இவ்வளவு, துடைப்பவருக்கு இவ்வளவு, உள்ளே பாத்திரம் கழுவுகிற அம்மாவுக்கும் மாஸ்டருக்கும் இவ்வளவு என்று. அந்தக் கணக்கை அவர்களே உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும், நீங்களும் சூப்பர்வைசரும் அதில் பங்கு கேட்காமல் இருந்தால் போதும். தட்டு உடைந்தால், வாடிக்கையாளர் பில் கட்டாமல் போனால் டிப்ஸில் பிடிக்கிற பழக்கம் எங்காவது இருந்தால் அதை நிறுத்துங்கள். ஆள் எடுக்கும்போது டிப்ஸ் என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

பாத்திரம் கழுவுகிறவரை நான் சும்மா சேர்க்கவில்லை. ஊட்டியில் மே மாதத்திலும் விடியற்காலைக் குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று பல் தேய்த்தவர்களுக்குத் தெரியும். அதில் நாள் முழுக்கக் கை வைத்திருப்பவர் எங்கள் கண்ணில் படுவதே இல்லை. பின்பக்கக் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒருமுறை பார்த்தேன்: கையுறை கிடையாது, விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, தட்டுகளை அடுக்கியபடியே "பாப்பாவுக்குப் படி வழுக்கும், பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்று என்னிடம் சொன்னார். மேசைக்கு வந்து நிற்காததால் அவருக்கு டிப்ஸ் கிடையாது. ஆனால் அந்தத் தட்டில்தான் சாப்பிட்டோம்.

எங்கள் கூட்டத்தைப் பற்றியும் உங்களுக்குப் புகார் இருக்கும், நியாயமானதுதான். இருபது ரூபாய் வைத்துவிட்டு இருபது தடவை விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அப்பா வயதுச் சப்ளையரை "ஏய்" என்று கூப்பிடும் பிள்ளைகளைக் கண்டிக்காத பெற்றோரும் இருக்கிறார்கள். டிப்ஸ் கொடுத்ததால் அதட்டும் உரிமையும் வந்துவிட்டதாக நினைப்பு. சம்பளம் ஒழுங்காக வாங்குகிற ஒருவர் அப்படிப்பட்ட ஆளிடம் "மரியாதையாப் பேசுங்க சார்" என்று சொல்ல முடியும். டிப்ஸை நம்பிப் பிழைக்கிறவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் மேசைக்கு வரும் சிரிப்பு அந்த வகையாக இருந்துவிடுமோ என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டால் நெய் ரோஸ்ட் இறங்க மறுக்கிறது.

ஏப்ரலுக்கு முன்னால் சீசன் ஏற்பாடுகளுக்காகச் சங்கக் கூட்டம் போடுவீர்கள். இ-பாஸ், வாகன எண்ணிக்கை, பிளாஸ்டிக் சோதனை, தண்ணீர் லாரி என்று பேச நிறைய இருக்கும். அந்த நிகழ்ச்சி நிரலில் டிப்ஸ் என்று ஒரு வரி சேர்த்து, முடிவை ஒவ்வொரு கடையின் கல்லாவிலும் எழுதி மாட்டுங்கள். அடுத்த மே மாதம் நாங்கள் வருகிறோம், மேசைகளைச் சேர்த்துப் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து வேனில் வரும் ஒரு குடும்பத்தின் மருமகள்